‘அப் டூ 50%’ முதல் ‘வி.ஏ’ வரை... தி.நகர் ஷாப்பிங்கில் தெரிந்திருக்க வேண்டிய ஆங்கில வார்த்தைகள்!

ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை, பாண்டி பஜார் என தி.நகரில் எந்தப் பக்கம் போனாலும் வியாபாரம் நடப்பது தமிழில்தான். “வாங்கம்மா, என்ன பாக்குறீங்க?” என்பதில் தொடங்கி பேரம் முடியும் வரை எல்லாமே தமிழ். ஆனால் பணம் கட்டிய பிறகு கைக்கு வரும் பில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. பாக்கெட் பொருட்களுக்கு அப்படி இல்லை. விலை, எடை போன்ற விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2011-ம் ஆண்டு விதி. தமிழில் கூடுதலாக அச்சிடலாம், ஆனால் கட்டாயம் கிடையாது. அதனால் சில ஆங்கில வார்த்தைகளின் அர்த்தம் தெரியாவிட்டால் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

எம்.ஆர்.பி என்றால் என்ன?

‘மேக்ஸிமம் ரீடெய்ல் பிரைஸ்’, அதாவது அதிகபட்ச சில்லறை விலை. எல்லா வரிகளும் இதற்குள்ளேயே அடக்கம். இதைவிடக் குறைத்து விற்கலாம், ஒரு ரூபாய்கூட கூட்டி விற்கக் கூடாது. குளிர்பானத்துக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று 2 ரூபாய் சேர்த்து வாங்குவதும் விதிமீறல்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஹோட்டலில் உட்கார்ந்து வாங்கும் தண்ணீர் பாட்டிலுக்கு இது பொருந்தாது. அங்கே பொருளோடு சேவையும் சேர்ந்திருப்பதால் எம்.ஆர்.பி-க்கு மேல் வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘அப் டூ’, ‘ஃபிளாட்’: என்ன வித்தியாசம்?

‘ஃபிளாட் 50%’ என்றால் அந்தப் பிரிவில் உள்ள எல்லாப் பொருளுக்கும் பாதி விலை. ‘அப் டூ 50%’ என்றால் அதிகபட்சம் 50%. நீங்கள் எடுத்த சேலைக்கு 5% மட்டும் தள்ளுபடி கிடைத்தாலும் போர்டில் போட்டிருப்பது பொய் இல்லை. ஆடித் தள்ளுபடி போர்டுகளில் ‘அப் டூ’ என்ற வார்த்தை பொடி எழுத்தில் இருப்பதைக் கவனித்தால் விஷயம் புரியும்.

அடுத்தது ‘50% + 20%’. பலரும் இதை 70% என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1,000 ரூபாய் சட்டையில் முதலில் 50% போனால் 500 ரூபாய். அந்த 500-ல்தான் 20% கழியும். கடைசி விலை 400 ரூபாய். ஆக மொத்தத் தள்ளுபடி 60% மட்டுமே. ‘பை 2 கெட் 1’ என்றால் மூன்றும் ஒரே விலையாக இருந்தால் சுமார் 33% தள்ளுபடி.

தள்ளுபடி போக வரி தனியா?

“டிஸ்கவுண்ட் போக ஜி.எஸ்.டி எக்ஸ்ட்ரா” என்று சில கடைகளில் சொல்வார்கள். எம்.ஆர்.பி-க்குள் ஏற்கெனவே வரி இருக்கிறது. அதில் தள்ளுபடி கொடுத்துவிட்டு மறுபடி வரியைத் தனியாகச் சேர்ப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வாட் வரி இருந்த காலத்து வழக்கில், 2017-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லிவிட்டது. துணிக்கடையில் பில் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

‘எஸ்டிமேட்’ பில் ஆகாது

துண்டுச்சீட்டில் ‘எஸ்டிமேட்’ என்று எழுதியிருந்தால் அது வெறும் கணக்குச்சீட்டு. நாளைக்குப் பொருள் பழுதானால் அதை வைத்து வாதாடுவது கஷ்டம். ஜி.எஸ்.டி வசூலிக்கும் கடை தர வேண்டியது ‘டேக்ஸ் இன்வாய்ஸ்’. அதில் 15 இலக்க ஜி.எஸ்.டி எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவு செய்த கடை என்றால் அந்த எண் 33 என்று தொடங்கும்.

மயிலாப்பூர் மாட வீதியிலோ அடையாறிலோ சின்னக் கடையில் வாங்கும்போது ‘பில் ஆஃப் சப்ளை’ என்று போட்ட ரசீது வரலாம். அதுவும் முறையான ரசீதுதான். ஆனால் அதைத் தரும் கடை உங்களிடம் தனியாக ஜி.எஸ்.டி வாங்க முடியாது. ஜி.எஸ்.டி எண்ணே இல்லாத கடைக்கும் இதே கதைதான். கேட்டும் ரசீது தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு.

நகைக்கடையில் ‘வி.ஏ’

‘வேல்யூ அடிஷன்’ என்பதன் சுருக்கம்தான் வி.ஏ. நம்ம ஊர் பாஷையில் சேதாரம். 8 கிராம், அதாவது ஒரு பவுன் செயினுக்கு 10% வி.ஏ என்றால் 0.8 கிராம் தங்கத்தின் விலையும் சேரும். நீங்கள் 8.8 கிராமுக்குப் பணம் கட்டுகிறீர்கள், கழுத்தில் இருப்பது 8 கிராம். இதற்கு மேல் 3% ஜி.எஸ்.டி. பிறகு அதே நகையை விற்கப் போனால் கணக்கில் வருவது தங்கத்தின் எடை மட்டும்தான், சேதாரம் திரும்பி வராது.

சில கடைகளில் செய்கூலி வி.ஏ-வுக்குள்ளேயே அடங்கும், சில இடங்களில் ‘மேக்கிங் சார்ஜ்’ என்று தனி வரி இருக்கும். விலையை ஒப்பிடும்போது இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

‘கிராஸ் வெயிட்’ என்பது கல்லோடு சேர்த்த எடை. ‘நெட் வெயிட்’ என்பது தங்கம் மட்டும். தங்க விலை நெட் வெயிட்டுக்குத்தான் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

‘ஹால்மார்க்’ நகையில் மூன்று குறிகள் இருக்கும். பி.ஐ.எஸ் முத்திரை, ‘22கே916’ போன்ற தரக் குறியீடு, 6 இலக்க எச்.யு.ஐ.டி எண். 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யு.ஐ.டி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது. 2 கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு விலக்கு உண்டு. ‘பி.ஐ.எஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் விவரம் தெரிந்துவிடும்.

‘நோ எக்ஸ்சேஞ்ச், நோ ரீஃபண்ட்’ செல்லுமா?

‘எக்ஸ்சேஞ்ச்’ என்றால் பொருளை மாற்றித் தருவது. ‘ரீஃபண்ட்’ என்றால் பணத்தைத் திருப்பித் தருவது. ‘கிரெடிட் நோட்’ என்றால் பணம் வராது, அதே கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு.

குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நுகர்வோர் சட்டத்தின் 2(47) பிரிவின்கீழ் நேர்மையற்ற வணிகம். பில்லில் குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்க வேண்டும். நாள் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாட்கள். எனவே பில்லின் அடியில் அச்சிட்ட ஒரு வரி உங்கள் உரிமையைப் பறித்துவிடாது.

ஆனால் “கலர் பிடிக்கல”, “சைஸ் சரியில்ல” என்பதெல்லாம் குறைபாடு ஆகாது. அதை மாற்றித் தருவது கடையின் விருப்பம். வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ’ இலவசமா?

பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சுட்டிக்காட்டியது. வங்கி வட்டி போடும், அந்தத் தொகை தள்ளுபடியாகக் கழிக்கப்படும். கிரெடிட் கார்டு என்றால் வட்டி மீது 18% ஜி.எஸ்.டி உண்டு. ‘பிராசஸிங் ஃபீ’ என்ற கட்டணமும் இருக்கலாம். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் என்ன விலை என்று கேட்டு ஒப்பிட்டால் உண்மையான செலவு தெரியும்.

ஏமாந்தால் எங்கே புகார் செய்வது?

முதல் படி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் ஆன்லைனிலும் புகார் பதிவு செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

கல்யாண ஜவுளி, நகை வாங்க வெளியூரிலிருந்து தி.நகர் வருபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வழக்குக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்குக் கையில் இருக்க வேண்டியது முறையான பில். நாளாக ஆக அதில் எழுத்து மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.