வழிவந்த வழுக்கள்

கணினியிற் செய்நிரல் எழுதக் கற்கப் புகும் மாணவன் முதன்முதலிற் சந்திக்கும் தடை பெரும்பாலும் மொழியின் இலக்கணத்திலே தோன்றுவதன்று. பாடநூலின் முதற் பக்கத்திலுள்ள ஐந்து வரிகளை அவன் பிழையின்றி எழுதிவிடுகின்றான். அவற்றை இயந்திரத்துக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றுகின்ற தொகுப்பான் என்னும் கருவியையும் தன் வின்டோஸ் கணினியில் நிறுவிவிடுகின்றான். ஆயினும் அக்கருவியைப் பெயர்சொல்லி அழைத்தவுடனே கறுத்த திரையில் ஒரு வரி எழுகின்றது. அழைக்கப்பட்ட பெயர் அகக் கட்டளையாகவோ புறக் கட்டளையாகவோ அறியப்படவில்லை என்பது அதன் பொருள். அவன் கருவியை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுகின்றான், அதே வரி. இரண்டு இரவுகள் இவ்வாறு கழிந்தபின், இக்கலை தனக்கு வாய்க்காது என்று முடிவு செய்கின்றான்.

அவன் அறிவிலே குறையில்லை. அவனைத் திருப்பியனுப்பிய அந்த ஒரு வரி, அவன் பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்னர் வேறு மனிதர் வேறு தேவைகளுக்காகச் செய்த ஏற்பாடுகளின் எச்சம்.

அகம், புறம் என்னும் பிரிவையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினியுடன் டொஸ் எனப்படும் பணிசெயல் முறைமை வெளிவந்தது. கோப்புகளைப் பட்டியலிடுதல், படியெடுத்தல் போன்ற சிறு பணிகளை, கட்டளை வாங்கும் செய்நிரல் தன்னகத்தே கொண்டிருந்தது. அவை அகக் கட்டளைகள். ஏனையவை வட்டிலே தனிக் கோப்புகளாக இருந்தமையாற் புறக் கட்டளைகள் எனப்பட்டன. முதற் பதிப்பிற் கோப்புறைக்குள் கோப்புறை என்னும் அடுக்கு இல்லை. ஆதலாற் புறக் கட்டளையைத் தேடுவதும் பெருங்காரியமாயில்லை. 1983இல் வந்த இரண்டாம் பதிப்பு, யூனிக்ஸ் முறைமையைப் பின்பற்றி அடுக்குக் கோப்புறைகளைக் கொண்டுவந்தது. எந்தெந்தக் கோப்புறையில் முறையே தேடுவது என்னும் வினா அதனுடன் எழுந்தது. அதற்கு விடையாக வந்ததே ‘பாத்’ என்னும் பட்டியல். தொகுப்பான் வட்டிலே பத்திரமாக இருந்தாலும், அது குடியிருக்கும் கோப்புறையின் பெயர் அப்பட்டியலில் இல்லையெனின், கணினியைப் பொறுத்தவரை அது இல்லாத பொருளேயாகும்.

மாணவன் பட்டியலைத் திருத்திய பின்னரும் அதே வரி தோன்றுவதுண்டு. அதற்கும் காரணம் உண்டு. கட்டளைச் சாளரம் ஒவ்வொன்றும், தான் திறக்கப்பட்ட வேளையில் இருந்த பட்டியலின் பிரதியொன்றையே பெற்றுக்கொள்கின்றது. காலையிற் கட்டுச்சோற்றுடன் புறப்பட்ட பிள்ளைக்கு, வீட்டில் அதன்பின் என்ன சமைத்தாலும் கிட்டாது. பழைய சாளரத்தின் நிலையும் அதுவே. அதனை மூடிப் புதிதாக ஒன்றைத் திறந்தால் வேலை முடிந்தது. வேறு சிலருக்கோ தொகுப்பான் கிடைக்கின்றது. ஆனால் வேண்டிய தொகுப்பான் அன்று. பட்டியலில் முன்னிற்பதே முந்தும் என்பது விதி. ‘ஸ்ட்ரோபெரி பேர்ள்’ போன்ற தொகுதிகள் தம்முடன் ஒரு ஜீ.சீ.சீ. தொகுப்பானையும் கொண்டு வருவதால், அதனை நிறுவியவர் தாம் அறியாமலே பழையதொன்றை இயக்கிக்கொண்டிருத்தல் கூடும். ‘வெயர்’ என்னும் கட்டளையுடன் கருவியின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால், அது எந்தெந்த இடங்களில் உள்ளதென்பதை வின்டோஸ் வரிசையாகக் காட்டும். மேலே நிற்பதே எடுபடுவது. அழித்து நிறுவுவதற்கு முன் இந்த ஒரு கட்டளையைக் கொடுத்திருந்தால் எத்தனையோ இரவுகள் மிஞ்சியிருக்கும். ‘செட்எக்ஸ்’ என்னும் கட்டளையாற் பட்டியலைத் திருத்துவோர் மட்டும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அது 1024 எழுத்துகளுக்கு அப்பாற்பட்டதைத் தறித்துவிடும். ஒன்றைச் சேர்க்கப் போய்ப் பலவற்றை இழக்க நேரும்.

இனி, தொகுப்பான் என்னும் பெயர் எவ்வாறு வந்தது? 1952இல் அமெரிக்காவின் ரெமிங்டன் ரான்ட் நிறுவனத்திற் பணியாற்றிய கிரேஸ் ஹொப்பர் என்னும் கணித அறிஞர், யூனிவாக் கணினிக்கென ‘ஏ-பூச்சியம்’ என்ற முறைமையை உருவாக்கினார். அடிக்கடி வேண்டப்படும் துணைச் செய்நிரல்கள் காந்த நாடாவில் எண்ணிடப்பட்டிருந்தன. வேண்டியவற்றின் எண்களைக் கொடுத்தால், இயந்திரமே அவற்றைத் தேடியெடுத்து ஒன்றாகத் தொகுத்தது. அது செய்த வேலை உண்மையில் இன்று இணைப்பான் செய்யும் வேலைக்கே நெருங்கியது. மனிதர் எழுதும் சூத்திரங்களை இயந்திர மொழிக்கு முழுமையாகப் பெயர்த்த ஃபோர்ட்ரான் தொகுப்பானை, ஜோன் பக்கஸ் என்பாரின் குழுவினர் 1957இல் ஐ.பி.எம். 704 கணினிக்காக வெளியிட்டனர். பெயர்த்தல் ஒருவர் தொழில், இணைத்தல் மற்றொருவர் தொழில் என்னும் இப்பிரிவு இன்றும் நிலைத்திருக்கின்றது. அதனாலேதான் எழுத்துப் பிழை ஒன்றுமில்லாத செய்நிரலும், ‘தீர்க்கப்படாத புறக்குறியீடு’ என்ற முறைப்பாட்டுடன் இறுதிக் கட்டத்தில் நின்றுவிடுகின்றது. அத்தகைய வேளையிற் குற்றம் வரிகளிலன்று. இணைப்பானுக்கு வேண்டிய நூலகத்தின் பெயர் கொடுபடவில்லை, அல்லது 32 பிட் நூலகமும் 64 பிட் செய்நிரலும் கலந்துவிட்டன.

செய்நிரல்கள் பெருகி, ஒன்றின் இடத்திலே ஐம்பது கோப்புகள் வந்தபோது வேறொரு தொல்லை பிறந்தது. 1970களின் நடுப்பகுதியிற் பெல் ஆய்வுகூடத்தில், ஸ்டீவ் ஜோன்சன் என்னும் அறிஞர் ஒருநாள் சினத்துடன் தம் நண்பர் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். பிழையை அவர் முன்னரே திருத்திவிட்டார்; ஆயினும் திருத்திய கோப்பை மறுபடி தொகுக்க மறந்தமையால், சரியான செய்நிரலிலே பிழை தேடி ஒரு காலைப் பொழுதை வீணாக்கியிருந்தார். முதல்நாள் மாலை ஃபெல்ட்மனுக்கும் அதே அனுபவம் நேர்ந்திருந்தது. எது எதனைச் சார்ந்துள்ளது என்று எழுதிவைத்தால், கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் மீண்டும் தொகுக்கும் கருவி ஒன்றை அவர் அவ்வார இறுதியிலேயே எழுதத் தொடங்கினார். 1976இல் உருப்பெற்ற அக்கருவியே ‘மேக்’. அதற்காக அவருக்கு 2003இல் ஏ.சீ.எம். சங்கத்தின் மென்பொருள் முறைமை விருது கிடைத்தது.

அந்த மேக் கருவியில், கட்டளை வரி ஒவ்வொன்றும் ‘டாப்’ எனும் தாவல் விசையாலேயே தொடங்குதல் வேண்டும். எட்டு இடைவெளிகள் இட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கருவியோ ‘பிரிப்பான் இல்லை’ என்று மறுத்துவிடும். இவ்விதி ஆழ்ந்து ஆராய்ந்து வகுக்கப்பட்டதன்று. முதல் வடிவத்தில் எளிதாயிருந்ததென ஃபெல்ட்மன் அதனை வைத்துக்கொண்டார். சில வாரங்களில் அதன் தீங்கு புலனாயிற்று. ஆனால் அதற்குள் ஏறக்குறைய ஒரு பன்னிருவர், அவர்களிற் பெரும்பாலோர் நண்பர்கள், அதனைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்கு இடைஞ்சல் செய்ய விரும்பாமல் அவர் மாற்றாது விட்டார். பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தாட்சணியத்தின் விலையை உலகம் அரை நூற்றாண்டாகச் செலுத்தி வருகின்றது. இதனை ஃபெல்ட்மனே பின்னாளில் ஒளிவின்றிச் சொன்னார்.

இக்கருவிகளெல்லாம் யூனிக்ஸ் நிலத்திலே முளைத்தவை. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1987இல் வெளியிட்ட ஜீ.சீ.சீ. தொகுப்பானும் அந்நிலத்துப் பயிரே. அவற்றை டொஸ், வின்டோஸ் நிலத்திற் பெயர்த்து நடும் முயற்சி 1989இல் டீ.ஜே. டெலோரி தொடங்கிய ‘டீஜேஜீபீபீ’ தொகுதியுடன் வலுப்பெற்றது. 1995இல் சிக்னஸ் நிறுவனத்தார் ‘சிக்வின்’ என்பதைத் தொடங்கினர். யூனிக்ஸைப் போலவே நடிக்கும் ஒரு நூலகத்தை இடையில் வைப்பது அவர்கள் கண்ட வழி. பின்னர் வந்த ‘மின்ஜீடபிள்யூ’ அந்த இடைத்தரகரை நீக்கி, வின்டோஸுக்கே உரிய செய்நிரல்களை ஆக்கித் தந்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தாரின் விஷுவல் சீ பிளஸ் பிளஸ் தொகுப்பான் வேறொரு குடும்பத்தது. சீ பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு குடும்பம் ஆக்கிய நூலகத்தை மற்றக் குடும்பத்தின் இணைப்பான் பொதுவாக ஏற்பதில்லை. மேலும் அந்நிறுவனத்தின் தொகுப்பான் பொதுப் பட்டியலில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்வதுமில்லை. பல பதிப்புகள் ஒரே கணினியில் அருகருகே வாழவேண்டுமென்பதால், தனக்கெனத் தனியான கட்டளைச் சாளரம் ஒன்றைத் திறந்தாலே அது வெளிப்படும். இதை அறியாதவர் சாதாரணச் சாளரத்தில் அழைத்து ஏமாறுவது வழக்கம்.

நிலம் மாறியதால் வந்த இடர்களுட் பெரிது சாய்கோட்டைப் பற்றியது. யூனிக்ஸ் கோப்புறைகளைச் சாய்கோட்டாற் பிரித்தது. டொஸ்ஸின் முதற் பதிப்பிலோ சாய்கோடு கட்டளைகளின் தெரிவுகளைக் குறிக்க எடுபட்டுவிட்டது. எனவே 1983இல் அடுக்குக் கோப்புறைகள் வந்தபோது பின்சாய்கோடு தெரிவாயிற்று. ஆனால் சீ மொழியிலே பின்சாய்கோடு வேறொன்றைக் குறிக்கும்: அதனைத் தொடர்ந்து ‘என்’ வந்தாற் புதுவரி, ‘டீ’ வந்தாற் தாவல். ‘நியூ’ என்ற கோப்புறையிலுள்ள ‘டெஸ்ட்’ என்னும் கோப்பைத் திறக்கச் சொன்ன செய்நிரல், அப்பெயரின் நடுவே வரியை முறித்து நிற்பது இதனாலேதான். முக்காற்புள்ளியின் கதையும் இத்தகையதே. வின்டோஸில் அது வட்டின் பெயரெழுத்தை அடுத்து நிற்கும். மேக் கருவியிலோ ஆக்கப்படுவதையும் அதற்கு வேண்டியதையும் பிரிக்கும் குறி அதுவே. சிக்வின் போன்றவற்றின் மேக், வட்டின் பெயரைக் கண்டு குழம்பிய சந்தர்ப்பங்கள் பல.

வரி முடிவிலும் இணக்கமில்லை. தொலையச்சுப் பொறிகளின் காலத்தில், அச்சுமுனை இடப்பக்கம் மீள ஒரு குறியும், தாள் மேலே நகர மற்றொரு குறியும் வேண்டியிருந்தன. டொஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது; யூனிக்ஸ் ஒன்றோடு அமைந்தது. வின்டோஸிற் சேமித்த கட்டளைக் கோப்பை யூனிக்ஸ் வழிவந்த கருவி வாசிக்கையில், வரிதோறும் எஞ்சும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறி, பெயர்களின் வாலிலே ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கின்றது.

1995இல் வின்டோஸ் 95 நீண்ட பெயர்களுக்கு இடங்கொடுத்தது. செய்நிரல்கள் வாழும் தலைமைக் கோப்புறைக்கும் நடுவே இடைவெளியுள்ள ஆங்கிலப் பெயரே இடப்பட்டது. இடைவெளியைக் கண்டவிடத்திற் பெயர் முடிந்தது என்று கொள்ளும் மேக் அதனை இரண்டு பெயர்களாக வாசித்தது. அன்றியும் வின்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதை 260 எழுத்துகளுக்குள் அடங்கவேண்டும் என்ற எல்லை நெடுங்காலம் இருந்தது. 2016இல் வின்டோஸ் 10இன் ஒரு பதிப்பு அவ்வெல்லையைத் தளர்த்தியது. எனினும் பயனாளர் அதனை இயங்கச் செய்யவேண்டும், கருவியும் அதற்கு இசைந்திருத்தல் வேண்டும்.

தமிழ் மாணவருக்கென்றே அமைந்த இடர் ஒன்றும் உண்டு. ஐரோப்பிய மொழிகளுக்கும், சீனம், யப்பானியம், தாய் முதலியவற்றுக்கும் வின்டோஸின் பழைய எழுத்துக் குறிப்பக்கங்களில் இடம் வகுக்கப்பட்டிருந்தது. தமிழுக்கு அத்தகைய முறைமைக் குறிப்பக்கம் இருந்ததில்லை. வின்டோஸ் 2000இல் அது யுனிகோட் வழியாகவே நுழைந்தது. பழைய முறையில் எழுதப்பட்ட கருவிகளுக்கோ யுனிகோட் பாதைகள் புலப்படுவதில்லை. கணினியைத் தொடக்கத்தில் அமைக்கையில் தன் பெயரைத் தமிழிலே ஆசையோடு எழுதிய மாணவனுக்கு, அப்பெயரே அவனுடைய கோப்புறையின் பெயராகிவிடலாம். தொகுப்பான் தன் தற்காலிகக் கோப்புகளையும் அதன் உள்ளேதான் வைக்க முயலும். பாதையிலுள்ள தமிழெழுத்துகள் வினாக்குறிகளாக மாற, கோப்பு இல்லை என்று அது கைவிரிக்கும்.

2019இல் வெளிவந்த வின்டோஸ் 10இன் பதிப்பொன்றிலிருந்து, யூ.ரீ.எவ்.-8 முறையையே தன் குறிப்பக்கமாகக் கொள்வதாக ஒரு செய்நிரல் அறிவிக்க வழி ஏற்பட்டது. அவ்வாறு அறிவிக்காத கருவிகளைக் கையாள்வோர், ‘சீ’ வட்டின் அடியிலே ஆங்கில எழுத்திற் குறுகிய பெயருடைய கோப்புறையொன்றை அமைத்து, தொகுப்பானையும் மூலக் கோப்புகளையும் அங்கே வைத்து, தற்காலிகக் கோப்புகளுக்குரிய ‘டெம்ப்’, ‘டீ.எம்.பீ.’ என்னும் சூழல் மாறிகளையும் அவ்விடத்துக்கே திருப்பிவிடுகின்றனர்.