வீட்டுக்குள் வராத பச்சோந்தி

திருநெல்வேலி நகரத்தின் மேற்கில், தென்காசிச் சாலையை ஒட்டி வளர்ந்த பேட்டை, நகர்களின் வெளியே வணிகர்களும் வண்டிக்காரர்களும் கூடும் சந்தை ஊர்களுக்குத் தமிழில் வழங்கிய பொதுப்பெயரையே தன் பெயராகக் கொண்ட புறநகர் ஆகும். இவ்வூரின் நிலம் இருவகைப்பட்டது. தெற்கே, தாமிரபரணியின் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் திருநெல்வேலிக் கால்வாய் பாயும் நன்செய் இருக்க, வடக்கே மானூர்த் திசையில் மழையை மட்டுமே நம்பிய புன்செயும், உடை, கருவேலம், விடத்தலை முதலிய முள்மரங்களும் பனையும் நிற்கும் வறண்ட வெளியும் விரிகின்றன. இந்த இரண்டாவது நிலமே பச்சோந்தியின் நிலம். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் எதிர்பார்த்து நிற்கும் இத்தகைய சமவெளிக் காடுகளிலும், கிளுவையும் கள்ளியும் நட்டு வளர்த்த உயிர்வேலிகளிலும், இந்தியாவில் வாழும் ஒரே பச்சோந்தி இனம் தங்கி வந்துள்ளது. 1768-இல் லாரன்டி என்னும் ஆஸ்திரிய இயற்கையியலாளர் இதற்கு இலங்கையின் பெயரைச் சேர்த்து ‘சைலானிகஸ்’ என அறிவியற்பெயர் சூட்டினார். ஆயினும் இலங்கையில் இது வறண்ட பகுதிகளில் மட்டுமே காணப்படுவது, கங்கைக்குத் தெற்கேயுள்ள இந்தியச் சமவெளியிலோ பரவலாக வாழ்வது.

நாயும் கிடாயும் சேவலும் கிளியும் வளர்த்த ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, தன் வேலியிலேயே குடியிருந்த இவ்விலங்கை ஏன் ஒருபோதும் வளர்ப்புப் பிராணியாக ஏற்கவில்லை என்பது ஆராயத்தக்க கேள்வி. அச்சமும் அருவருப்பும் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பச்சோந்திக்கு நஞ்சு உண்டு என்ற தவறான நம்பிக்கை சிற்றூர்களில் இன்றும் இருப்பது உண்மையே. எனினும் அதனினும் அடிப்படையான காரணம் அடுக்களையில் இருப்பதாகத் தோன்றுகிறது. தமிழ் வீடுகளில் வளர்ந்த உயிர்கள் அனைத்தும் வீட்டின் உணவில் பங்கு பெற்றவை. கூண்டுக்கிளி நெல்லையும் பழத்தையும் தின்றது. வேட்டைக்குப் பழக்கப்பட்ட சிப்பிப்பாறை நாய் கூழும் சோறும் உண்டது. காட்டுக் கவுதாரிகளைக் குரல்கொடுத்து அழைப்பதற்காகக் கூட்டில் வைத்து வளர்த்த கவுதாரிக்குத் தானியமும் கரையானும் கிடைத்தன. பச்சோந்தியோ அசையும் பூச்சியை அன்றி வேறொன்றையும் இரையாக அறியாது. கிண்ணத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரை அது பெரும்பாலும் தண்ணீர் என்றே உணர்வதில்லை. இலைநுனியில் திரளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கியே தாகம் தீர்க்கும். சோற்றிலும் நீர்ப்பானையிலும் பங்கு கேட்காத உயிருக்கு வீட்டில் இடம் வைக்கும் வழக்கம் எழ வாய்ப்பில்லாமற் போயிற்று.

இதனால் தமிழர் இவ்விலங்கைக் கவனியாதிருந்தனர் என்பதில்லை. சங்கப் பாடல்களில் ‘ஓதி’ அல்லது ‘ஓந்தி’ என்னும் சொல்லால் குறிக்கப்படும் ஓணான் வகை விலங்கு பாலைநிலக் காட்சிகளில் வருகிறது. குறுந்தொகையின் 140-ஆம் பாட்டில், அரம் போன்ற முதுகுடைய அதன் முதிய ஆண் வழிப்போக்கர்க்கு நிமித்தம் சொல்லும் உயிராக நிற்கிறது. நற்றிணையின் 186-ஆம் பாட்டிலோ, நிறம் மாறிய முதிய ஆண், பாணர் யாழ் மீட்ட, உயர்ந்த யாமரத்தில் ஏறுகிறது. நிறமாற்றம் சொல்லப்படுவதைக் கொண்டு இதனைப் பச்சோந்தி என்று கொள்ள மனம் விழையும். ஆனால் கோடையில் இணைதேடும் காலத்துச் சாதாரண ஓணானின் ஆணும் தலையும் கழுத்தும் சிவந்து நிறம் மாறுவதால், அப்பாட்டை மட்டும் வைத்து முடிவு கட்டுவது கடினம். எவ்வாறாயினும் இவ்விடங்களில் அது வழியில் காணப்படும் உயிரே. கிளியைப்போல் மகளிர் கையில் பாலுண்டு பேசும் உயிர் அன்று.

கையில் எடுத்த வழக்கம் ஒன்று உண்டென்றால் அது சிறுவர்களுடையது. தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்கிட்டு வேலியோரம் ஓணானைப் பிடிப்பதும், பிடித்ததன் மூக்கில் பொடியை அடைத்து அது தலைசுற்றி ஆடுவதைப் பார்ப்பதும் தமிழகச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த கொடிய விளையாட்டு. ஊர்வன ஆய்வாளர்கள் பல்லிகளைக் காயமின்றிப் பிடிப்பதற்கு இன்றும் கையாளுவது ஏறத்தாழ இதே ஈர்க்குச் சுருக்குத்தான் என்பது வியப்புக்குரியது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்று புலம்புவதைப் பழிக்கும் பழமொழி, இவ்வகை உயிர்களை வீட்டுக்குள் கொண்டுவருவது பற்றித் தமிழ்ச் சமூகம் கொண்டிருந்த கருத்தை வேறு விளக்கம் வேண்டாதபடி தெரிவிக்கிறது.

வளர்க்கும் முயற்சி பிற நாடுகளில் நிகழ்ந்தது. அதன் நீண்ட வரலாறு பெரும்பாலும் விலங்குகள் கையிலேயே இறந்த வரலாறாகும். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், தனித்தனியே சுழலும் கண்களையும், மந்தமான நடையையும், உடலை ஊதிப் பெருக்கும்போது நிறம் மாறுவதையும் தம் விலங்கியல் நூலில் நுணுக்கமாக எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டின் உரோம அறிஞர் பிளினி, பச்சோந்தி உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை, காற்றையே உணவாகக் கொள்கிறது என்று எழுதிவைத்தார். பல நாள் இரையின்றி இருக்கவல்ல, மார்பை ஊதி நிற்கும் விலங்கைக் கண்டவர்க்கு அது நம்பத்தக்கதாகவே இருந்திருக்கும். நாவை உடலின் நீளத்தினும் மிகுதியாக நீட்டி, கண்ணிமைக்கும் பொழுதினும் விரைவாகப் பூச்சியை இழுத்துக்கொள்வது பலர் கண்ணுக்குத் தப்பியது. காற்றுணவுக் கதை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியக் கல்வியில் நிலைத்தது. அதனை நம்பியவர் கையில் அகப்பட்ட பச்சோந்திகள் பட்டினியால் மடிந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பதில் பிழையில்லை.

16-ஆம் நூற்றாண்டில் எகிப்து வழியே பயணம் செய்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் பெலோனும், 1630-களில் தூனிஸிலிருந்து உயிருள்ள பச்சோந்திகளைத் தருவித்துத் தென் பிரான்சில் வைத்திருந்த பெய்ரெஸ்க் என்னும் அறிஞரும் இவ்விலங்கைக் கண்ணால் பார்த்து அறிய முயன்றவர்கள். 1646-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரௌன், மக்களிடையே வழங்கிய தவறான நம்பிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்த தம் நூலில் காற்றுணவுக் கொள்கையையும் எடுத்து ஐயுற்றார். 1669-இல் மருத்துவரும் கட்டடக் கலைஞருமான குளோட் பெரோ, பாரிசின் அறிவியல் கழகத்தின் சார்பில் ஒரு பச்சோந்தியை அறுத்து ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையே இவ்விலங்கின் உள்ளமைப்பைப் பற்றிய தெளிவான தொடக்கம் எனலாம். ஆனால் முதன்முறை வளர்ப்பவரின் கவலைகளை நமக்கு விட்டுச் சென்றவர் நாவலாசிரியர் மதலேன் த ஸ்குதேரி. 1670-களில் அலெக்சாந்திரியாவிலிருந்து தமக்கு வந்த இரு பச்சோந்திகளைப் பாரிஸ் வீட்டில் குளிரிலிருந்து காத்து, அவற்றின் நிறத்தையும் மனநிலையையும் குறித்துவைத்து, 1688-இல் அவற்றின் கதையை அச்சிட்டார். இரண்டும் இறந்தபின் எழுதிய வரலாறு அது. அன்பு குறைவில்லை, வெயிலும், உயிருள்ள இரையும், இலையில் சொட்டும் நீரும் இல்லை.

20-ஆம் நூற்றாண்டில் வானூர்தி வந்தபின் கென்யா, தான்சானியா, மடகாஸ்கர் ஆகிய நாடுகளிலிருந்து பச்சோந்திகள் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் விற்பனைக்குப் போயின. 1972-இல் ஹவாய்த் தீவுகளின் விலங்குக் கடைக்காரர் ஒருவர், கென்யாவிலிருந்து தருவித்த மூன்று கொம்புடைய பச்சோந்திகள் நீர்வற்றி மெலிந்து வந்து சேர்ந்ததைக் கண்டு, தேறட்டும் என்று தம் தோட்டத்தில் விட்டார். அவை தேறியதோடு நில்லாமல் மலைச்சரிவெங்கும் பெருகிவிட்டன. கூண்டில் மடிந்த அதே இனம், ஈரமும் பூச்சியும் குளிர்ந்த இரவும் உள்ள ஒரு தோட்டத்தில் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டது என்பதை அக்கால வளர்ப்பாளர்கள் ஊன்றிக் கவனித்திருந்தால், பல ஆண்டுப் பட்டறிவை அது மிச்சப்படுத்தியிருக்கும்.

அந்தப் பட்டறிவின் சாரம் இன்று எந்தத் தொடக்கநிலை வளர்ப்பாளருக்கும் சொல்லப்படுவதாகும். காற்றோட்டம் அற்ற கண்ணாடிப் பெட்டி பச்சோந்திக்கு ஆகாது. வலையடித்த, அகலத்தைவிட உயரம் மிகுந்த கூண்டும், பல திசையில் செல்லும் மெல்லிய கொம்புகளும், மறைந்துகொள்ள இலைத்தழையும் வேண்டும். தண்ணீரைத் தெளித்தோ சொட்டுச் சொட்டாக இலையில் விழச்செய்தோ கொடுக்க வேண்டும். ஒரு கூண்டில் ஒன்றுக்கு மேல் வைத்தல் கூடாது. மற்றொன்று கண்ணில் பட்டுக்கொண்டிருப்பதே அதற்கு ஓயாத அச்சுறுத்தலாகிறது. மிகப் பிந்தி அறியப்பட்டது ஒளியின் பங்கு. வெயிலில் உள்ள புறஊதா-பி கதிர் தோலில் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி-3 உருவாகும். அது இல்லையேல் உணவிலுள்ள கால்சியம் எலும்பில் சேராது. கால் வளைந்து, தாடை இளகி, நாவை எறியும் வலுவும் இழந்து விலங்கு பட்டினி கிடக்கும். கதிரை உமிழும் விளக்குகள் கடைக்கு வந்ததும், சுவர்க்கோழி, வெட்டுக்கிளி முதலிய இரைகளின்மேல் கால்சியப் பொடி தூவும் பழக்கம் பரவியதும் கடந்த நூற்றாண்டின் இறுதியில்தான். உணவில் டி-3 குறைந்த பச்சோந்தி தானாகவே கூடுதல் நேரம் கதிரொளியில் நிற்கிறது என்று 2003-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தனக்கு வேண்டியதை அது அறிந்திருந்தது, வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. பெண் பச்சோந்தியை வளர்ப்பவர்க்கு இன்னொன்றும் உண்டு: ஆணைச் சேராவிட்டாலும் சில இனங்களின் பெண்கள் முட்டை சுமக்கும், தோண்டுவதற்கு ஆழமான ஈரமண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்து இறந்துபோகும்.

பார்ப்பவரை முதலில் ஈர்க்கும் நிறத்தைப் பற்றிய அறிவும் இவ்வாறே தாமதமாக வந்தது. சூழலின் நிறத்தை அப்படியே ஏற்கும் என்பது பொதுநம்பிக்கை. உண்மையில் வெப்பம், அச்சம், சினம், இணைவிழைவு ஆகியனவே நிறத்தைப் பெரிதும் ஆள்கின்றன. 2015-இல் ஜெனீவா ஆய்வாளர்கள், தோலின் உயிரணுக்களில் அடுக்காக அமைந்த குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் அவை வெவ்வேறு ஒளியைத் திருப்பி நிறம் மாறுகிறது என்று நிறுவினர். கரிந்த நிறத்தில் ஒடுங்கி நிற்கும் பச்சோந்தியைக் கண்டு ‘அழகாக மாறுகிறது’ என மகிழும் புதிய வளர்ப்பாளர், பெரும்பாலும் அதன் குளிரையோ துன்பத்தையோ பார்த்து மகிழ்கிறார். கட்சி மாறும் அரசியலாளரைப் பச்சோந்தி என்று ஏசும் தமிழ் மேடை வழக்கும் இவ்வகையில் அவ்விலங்குக்கு நியாயம் செய்யவில்லை. அது யாரையும் ஏமாற்ற நிறம் மாற்றுவதைவிடத் தன் நிலையை வெளிக்காட்டவே மிகுதியாக மாற்றுகிறது.

இந்தியப் பச்சோந்தியைப் பற்றிய அறிவு வேறு தடத்தில் வளர்ந்தது. சென்னை மாகாண வனத்துறையின் பெட்டோம் திருநெல்வேலி மலைகளில் ஊர்வனவற்றைச் சேகரித்தபோதும் அவர் நாட்டம் மலைக்காட்டுப் பாம்புகளின்மேலேயே சென்றது. சமவெளியின் பச்சோந்தி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ்க் குறிப்புகளிலும், மால்கம் ஸ்மித் 1935-இல் வெளியிட்ட இந்தியப் பல்லிகள் பற்றிய பெருநூலிலும் இடம்பெற்றது. ஆணின் பின்னங்கால் குதியில் முள் போன்ற நீட்சி ஒன்று இருப்பது, பெண் மரத்திலிருந்து இறங்கி மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிச் செல்வது, முட்டை பொரிக்கப் பல மாதம் ஆவது ஆகியன இவ்வாறு பதிவாயின. முட்டையிட இறங்கும் அந்நாட்களே அதற்கு மிகுந்த ஆபத்தான நாட்கள். சாலையைக் கடக்கும்போது, ஓரடி வைத்து முன்னும் பின்னும் ஆடி மறு அடி வைக்கும் அதன் நடை, காற்றில் ஆடும் இலையாகத் தோன்றிப் பருந்தை ஏமாற்றலாம், லாரியை ஏமாற்றாது.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பச்சோந்தியைப் பாதுகாக்கப்பட்ட உயிர்களின் அட்டவணையில் சேர்த்தபின், வேலியிலிருந்து அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாயின. பேட்டையில் ஒருவர் பச்சோந்தி வளர்க்க விரும்பினால், ஊர்ப் பச்சோந்தி அவருக்கு உரியது அன்று. எஞ்சுவது ஏமன் நாட்டு முக்காட்டுப் பச்சோந்தி போன்ற அயல் இனங்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் ஒப்பந்தத்தில் இவை இடம்பெற்றிருப்பதால், வைத்திருப்போர் தாமே முன்வந்து அறிவிக்க 2020-இல் ஒன்றிய அரசு வாய்ப்பளித்தது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் வெளிவந்த விதிகளின்படி இத்தகைய உயிருள்ள விலங்குகளைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று.

ஊர்ப் பச்சோந்தியின் நிலை வேறு. பேட்டையைச் சுற்றிக் கூட்டுறவு நூற்பாலையும் தொழிற்பேட்டையும், பின்னர் வீட்டுமனைகளும் வந்தபோது, கிளுவை வேலி இருந்த இடங்களில் கம்பிவேலியும் சுற்றுச்சுவரும் எழுந்தன. புன்செய் தரிசாகக் கிடந்த இடங்களைச் சீமைக்கருவேலம் மூடியது. சட்டம் பிடிப்பவரைத் தண்டிக்கும். வேலியை வெட்டி மதில் எழுப்புபவரைக் கேட்பதில்லை. பாகம் பிரிக்கும்போது வேலிமரத்தின் நிழல் எவர் பக்கம் விழுகிறது என்று வழக்காடிய நிலவுடைமையாளர்கள் பச்சோந்தியை நினைத்து அந்த வேலியை வளர்த்தவர்கள் அல்லர். ஆட்டையும் மாட்டையும் தடுக்கவே நட்டார்கள். ஆனாலும் மெல்லிய கொம்பும், இலையில் தங்கும் பனியும், அடியில் தோண்டத்தக்க மண்ணும், தடையற்ற வெயிலும், பூச்சியும் ஒருங்கே அமைந்த அந்த ஏற்பாட்டை, மேலைநாட்டு வளர்ப்பாளர்கள் முந்நூறு ஆண்டு முயன்று கூண்டுக்குள் அமைக்க வேண்டியதாயிற்று.