ஈசல் பஞ்சத்தின் உணவா?

தியாகதுருகம் கோட்டை மலையிலிருந்து மேற்கே கல்வராயன் அடிவாரம் வரை விரியும் மானாவாரிக் கொல்லைகளில் நல்ல மழை இறங்கிவிட்டால், அந்தியிலோ விடியலிலோ புற்றுகள் வாய் திறக்கும். வெளிச்சத்தைத் தேடி வந்து குழியிலும் குடத்திலும் விழும் ஈசலைக் காயவைத்து, தேய்த்து, முறத்தில் புடைத்து இறகை ஓட்டி, உப்பும் மிளகாயும் சேர்த்து வறுத்து, அரிசிப் பொரியோடு கலந்து தின்பது கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் இன்றும் உண்டு. இதைக் கேட்ட வெளியூர்க்காரர்களில் ஒருவர் முகம் சுளிப்பார். இன்னொருவர், கொஞ்சம் படித்தவர், பாவம், பஞ்ச காலத்தில் பழகியிருப்பார்கள் என்று இரங்குவார். முகம் சுளிப்பவரோடு எனக்கு வழக்கில்லை. நாக்கு அவரவர் வளர்ப்பு. இரங்குபவர் சொல்வது வரலாறு போலத் தொனிக்கிறது. அதனால் அதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் தடை மண்ணிலேயே இருக்கிறது. ஈசல் என்பது கறையானின் இறகு முளைத்த ஆணும் பெண்ணும். புதுக்குடி அமைக்கப் புறப்படும் அவை, நனைந்து இளகிய மண் கிடைத்தால்தான் அதற்குள் புகுந்து பிழைக்க முடியும். ஆகவே மழைக்குக் காத்திருந்தே வெளியேறுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் புற்று இருக்கும், கறையான் இருக்கும், ஈசல் மட்டும் வராது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் போன்ற காலத்தில் மக்கள் தேடிப் போனவை காட்டுக் கிழங்கும் கீரையும் விதையும். வானம் கைவிட்ட நேரத்தில் சேர்ந்து கைவிடும் ஒரு பண்டம் பஞ்ச உணவாக எப்படி இருக்க முடியும்? ஈசல் தின்றவர்கள் ஏர் பூட்டும் நம்பிக்கையோடு தின்றிருக்கிறார்கள்.

சங்கப் பாடல்களும் இதையே காட்டுகின்றன. புறநானூற்றின் 119ஆம் பாடலில் கபிலர், பாரி மாண்ட பின் அவன் நாட்டின் பழைய வளத்தை நினைத்து வருந்துகிறார். கார்மழை பெய்த காலை, புற்றீசலோடு சேர்ந்த புளித்த மோர், புதிதாக விளைந்த தினை என அவர் இழந்ததாக எண்ணுபவற்றுள் ஈசலும் இருக்கிறது. அகநானூறு 394இல் இன்னும் விரிவான சமையல். முற்றிய ஆட்டுத் தயிர், நன்றாகக் குற்றிய வரகரிசி, மழைக்குப் பின் ஈரப் புற்றிலிருந்து எடுத்த ஈசல்; மூன்றும் சேர்ந்த சூடான புளிச்சோற்றின் மேல் பசு வெண்ணெய் உருக, தலைவனோடு வரும் இளைஞர்கள் உண்கிறார்கள். பசிக்கு வழியில்லாதவன் வெண்ணெய் வைத்துப் பரிமாறுவதில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கபிலர் பாடியது பாரியின் பறம்பு நாட்டை, நம் வட்டாரத்தை அல்ல. அவர் உயிர்விட்டதாகச் சொல்லப்படும் பாறை மட்டும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில், பெண்ணையாற்றில் நிற்கிறது. அதைக் கொண்டு உள்ளூர்ச் சான்று கோருவது மிகை. முல்லையிலும் மலையிலும் ஈசல் விருந்துப் பொருளாக இருந்தது என்பதற்கு மேல் அந்தப் பாடல்களை இழுக்க முடியாது.

சார்பில்லாத சாட்சி ஒருவர் வேண்டுமென்றால் யோகான் கெர்ஹார்ட் கோனிக் இருக்கிறார். லின்னேயஸின் மாணவர், 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். கறையானைப் பற்றி அவர் 1779இல் எழுதியதை, ஆப்பிரிக்கக் கறையானை ஆராய்ந்த ஹென்றி ஸ்மீத்மன் 1781இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எடுத்துச் சொல்கிறார். புற்றில் காற்றடிக்கும் பக்கம் ஒரு துளை, எதிர்ப்பக்கம் ஒரு துளை. முதலாவதில் நாற்றமுள்ள பொருள்களை எரித்துப் புகை போடுவார்கள். இரண்டாவதில் பானையின் வாயைப் பொருத்துவார்கள். பானையின் உட்புறம் முன்னதாகவே ஒரு வாசனை இலையால் தேய்க்கப்பட்டிருக்கும். அந்த இலைக்கு அவர் தரும் தாவரப் பெயர் பெர்கெரா, அதாவது நம் கறிவேப்பிலை. ஈசலோடு சில சமயம் நல்லபாம்பும் பானைக்குள் வந்துவிடுமாம். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து விற்றார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். காற்றின் திசை பார்ப்பதும் பானைக்கு மணமூட்டுவதும் விற்பனைக்குப் பலகாரம் பிடிப்பதும் ஒரு கைத்தொழிலின் அடையாளங்கள்.

இங்கே எதிர்வாதி குறுக்கிடுவார்: அதே கோனிக்தானே அந்தப் பலகாரம் ஏழைகளுக்கு மலிவாக விற்கப்பட்டது என்கிறார்? உண்மைதான். ஆனால் மலிவு வேறு, கதியின்மை வேறு. பருவத்தில் குவியும் எதுவும் மலிவாகத்தான் விற்கும். அமெரிக்காவின் லூசியானாவில் சேற்றுநீரில் பிடிபடும் க்ராஃபிஷ் என்ற நன்னீர் இறாலும் நெடுங்காலம் இல்லாதவர் உணவாகவே மதிக்கப்பட்டது. 1959இல் அம்மாநிலச் சட்டமன்றம் ப்ரோ பிரிட்ஜ் என்ற சிற்றூரை உலகின் க்ராஃபிஷ் தலைநகர் என்று அறிவித்தது. மறு ஆண்டே அங்கு திருவிழா தொடங்கியது. தின்றவரின் ஏழ்மையைப் பண்டத்தின் மேல் ஏற்றியது பார்த்தவர் கண். இன்னொரு ஆட்சேபம் உடல்நலம் பற்றியது. அதில் நியாயம் உண்டு. அளவுக்கு மீறித் தின்றால் கடும் வயிற்றுப்போக்கு வரும் என்று கோனிக்கே எச்சரித்திருக்கிறார். இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமல் போகலாம். வறுப்பதும் காயவைப்பதும் பொரி கலந்து அளவாகத் தின்பதும் இதை அறிந்தவர்களின் பக்குவம்தான்.

இன்று செய்தித்தாளில் ‘புற்றீசல் போல’ என்று வந்தால் அனுமதியில்லாக் கல்லூரியோ சீட்டு நிறுவனமோ பின்னால் வரும். சொல் அப்படி இறங்கிவிட்டது. கள்ளக்குறிச்சிப் பக்கம் யாராவது ஈசல் பொரியை நீட்டினால் தின்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ‘பாவம்’ என்று சொல்வதற்கு முன், இந்த வருஷம் மழை எப்படி என்று மட்டும் அவரைக் கேட்டுவிடுங்கள்.