சிங்கப்பூரில் உணவுத் தன்னிறைவும் உணவுப் பாதுகாப்பும்

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதை வெளியிலிருந்து தருவித்துக்கொள்ளும் தீவு நாடு. ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 60 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். அந்த நிலத்தில் பயிருக்கும் பண்ணைக்கும் கிடைத்திருப்பது ஒரு விழுக்காடுகூட இல்லை. 2024ஆம் ஆண்டில் நாட்டின் முட்டைத் தேவையில் சுமார் 34 விழுக்காடும், கடலுணவில் 6 விழுக்காடும், காய்கறியில் 3 விழுக்காடும் உள்நாட்டில் கிடைத்தன. அரிசி விளைவதே இல்லை. ஆனாலும் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலக உணவுப் பாதுகாப்புக் குறியீட்டில் இந்நாடு முதலிடம் பெற்றது. 2022இல் 28ஆம் இடத்துக்கு இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. இயற்கை வளத்துக்கும் பருவநிலை தாங்கும் திறனுக்கும் குறியீட்டில் மதிப்பெண் சேர்க்கப்பட்டதே இறக்கத்துக்குப் பெரும் காரணம். வாங்கும் சக்தியை வைத்து அளந்தால் ஒரு முகமும், விளைவிக்கும் சக்தியை வைத்து அளந்தால் வேறொரு முகமும் இத்தீவுக்கு உண்டு.

செராங்கூன் சாலையின் பழைய பிழைப்பு

லிட்டில் இந்தியா, தமிழர் வாய்மொழியில் தேக்கா, இன்று வாங்குவதற்குப் போகும் இடம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழையிலை எல்லாம் கப்பலிலோ விமானத்திலோ லாரியிலோ வந்து இறங்குபவை. 19ஆம் நூற்றாண்டில் இதே வட்டாரம் உணவை உண்டாக்கும் இடமாக இருந்தது. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில் புல்லுக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. மாட்டுத் தொழில் அங்கே வேர்விட்டது. கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகர் ஐ.ஆர். பெலிலியோஸின் பெயர் இன்றும் ஒரு சாலைக்கு இருக்கிறது. பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு, மகப்பேற்றுக்குப் பெயர்போன கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை ஆகிய மூன்றுமே எருமைக் கொட்டில்களின் நினைவில் பெயர் பெற்றவை.

மாடு இருந்த இடத்தைச் சுற்றி மற்றத் தொழில்களும் வந்தன. இறைச்சிக்கூடம், தோல் பதனிடும் கொட்டகை, நல்லெண்ணெய்ச் செக்கு, கோதுமை மாவு ஆலை, அன்னாசி பதப்படுத்தும் ஆலை ஆகியவை அடுத்தடுத்து இயங்கின. கெர்பாவ் ரோட்டில் பல வண்ணங்களில் நிற்கும் டான் டெங் நியா வீடு 1900இல் கட்டப்பட்டது. அதன் உரிமையாளர் கரும்பிலிருந்து மிட்டாய் செய்யும் ஆலைகளை இந்தப் பக்கத்தில் நடத்திவந்தார். சுற்றுலாப் பயணிகள் அந்தச் சுவர் முன் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்தில் கரும்பு ஆலை ஓடிய கதை பலருக்குத் தெரியாது.

கொட்டிலும் குடியிருப்பும் ஒன்றையொன்று நெருக்கியபோது நகராட்சி தலையிட்டது. 1936இல் வந்த விதிகளுக்குப் பிறகு மாடுகள் அகற்றப்பட்டன. வீட்டு வாசலில் பால் அளந்து ஊற்றிய இந்தியப் பால்காரர்கள் புறநகருக்கு நகர்ந்து, பொத்தோங் பாசிர் போன்ற கம்பங்களில் (சிற்றூர்களில்) சில காலம் தொழிலைத் தொடர்ந்தார்கள். செராங்கூன் சாலை வட்டாரத்தில் 1915இல் கட்டப்பட்ட சந்தை 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் மாறி ஜூஜியாவ் நிலையம் ஆனது. மக்கள் அந்தப் பெயரை ஏற்காததால் 2000ஆம் ஆண்டில் தேக்கா நிலையம் என்றே திரும்பப் பெயரிட்டார்கள். இப்போது பொங்கலை ஒட்டி, லிம் சூ காங் பண்ணையிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து கேம்பல் லேன் பக்கம் சில நாள் கட்டிவைக்கிறார்கள். பாலும் சாணமும் நேரில் பார்த்திராத பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

கப்பல் நின்றபோது

தீவின் உணவு அச்சத்துக்கு வேர் 1942இல் இருக்கிறது. பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுந்த பிறகு, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கியது. பங்கீட்டு அளவு படிப்படியாகக் குறைந்தது. திடல், வீட்டு முற்றம், சாலையோரம் என்று கிடைத்த மண்ணிலெல்லாம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடச்சொன்னார்கள். அந்தத் தலைமுறை தமிழ் முதியவர்களில் சிலர் பிற்காலத்தில் மரவள்ளிக்கிழங்கை வீட்டுக்குள்ளேயே சேர்க்க மறுத்ததற்கு இதுதான் காரணம்.

நகரின் வாய்களைக் குறைக்க, மக்களை மலாயாக் காட்டுக்குள் குடியேற்றும் திட்டத்தையும் ஜப்பானிய நிர்வாகம் 1943இல் தொடங்கியது. சீனர்களுக்கு ஜொகூரின் எண்டாவ், யுரேசியர்களுக்கும் கத்தோலிக்கச் சீனர்களுக்கும் நெகிரி செம்பிலானின் பஹாவ். எண்டாவ் ஓரளவு தாக்குப்பிடித்தது. பஹாவில் மண் வளமற்றது, தண்ணீர் வசதி மோசம், மலேரியா கடுமை. போனவர்களில் பலர் எழுத்தர்கள், ஆசிரியர்கள். மண்வெட்டி பிடித்துப் பழகாதவர்கள். குடியேற்றத்தை வழிநடத்திய ஆயர் அட்ரியன் டெவல்ஸே மண்வெட்டியால் பட்ட காயம் வினையாகி 1945 ஜனவரியில் இறந்தார். பலநூறு பேர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். சொந்த உழைப்பில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு சமூகத்தை ஒரே இரவில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது கொடிய சான்று.

பண்ணைகள் மறைந்த காலம்

1960களில் தீவில் ஏறக்குறைய 20,000 பண்ணைகள் இருந்தன. பன்றி இறைச்சி, கோழி, முட்டை ஆகியவற்றில் நாடு தன்னிறைவை எட்டியும் இருந்தது. பிறகு அடுக்குமாடி வீடுகளுக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் தேவைப்பட்டது. நீர்த்தேக்கங்களின் பக்கம் பன்றிக் கழிவு ஓடுவதையும் அரசு விரும்பவில்லை. பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடும் முடிவு 1984இல் அறிவிக்கப்பட்டது. எஞ்சிய பண்ணைகள் 1980களின் நடுவிலிருந்து வேளாண் தொழில்நுட்பப் பூங்காக்களுக்குள் அடங்கின.

கிடங்கு அரிசியும் பல கதவுகளும்

பயிரிட நிலமில்லாத தீவு வேறு இரண்டு வழிகளைப் பிடித்துக்கொண்டது. முதலாவது கையிருப்பு. வெள்ளையரிசி, பாஸ்மதி, பொன்னி, புழுங்கலரிசி ஆகிய வகைகளை இறக்குமதி செய்பவர்கள், தங்கள் மாத இறக்குமதியைப் போல இரண்டு மடங்கைக் குறிக்கப்பட்ட கிடங்குகளில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். அரிசி வணிகருடையது, நெருக்கடியில் அதை எடுத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. பழையதை விற்றுப் புதியதைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால் கிடங்கில் அரிசி புழுத்துக் கிடப்பதில்லை. மக்களில் சிறுபான்மையினரே வாங்கும் பொன்னிக்கும் இந்தப் பட்டியலில் இடம் கொடுத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, ஒரே கதவை நம்பாமை. 2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டதும் மலேசியக் கோழியும் முட்டையும் நிறுத்தப்பட்டன. அதற்கு முன் 1999இல் நிப்பா கிருமியால் மலேசியப் பன்றி வரத்து நின்றது. அடி பட்டுப் பட்டுத்தான் கொள்முதல் நாடுகளின் பட்டியல் நீண்டு, 170க்கும் மேற்பட்ட நாடுகளையும் வட்டாரங்களையும் எட்டியது.

இந்த ஏற்பாடு இரண்டு முறை அண்மையில் சோதிக்கப்பட்டது. 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, சிங்கப்பூரின் கோழி வரத்தில் 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது, அதுவும் பெரும்பாலும் உயிருடன். பிரேசிலின் உறைந்த கோழிக்குத் தட்டுப்பாடில்லை. ஆனால் கோழிச்சோற்றுக் கடைக்காரருக்கு அது ஆகாது. ஒரு மாதத்துக்குள் இந்தோனீசியாவுக்கு அனுமதி கிடைத்தது, பின்னர் புதிய வரத்து தொடங்கியது. தடை அவ்வாண்டு அக்டோபரில் முழுமையாக விலகியது.

அடுத்த ஆண்டு அடி அரிசியில் விழுந்தது. 2023 ஜூலை 20 அன்று இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. சிங்கப்பூரின் அரிசி இறக்குமதியில் அதற்கு முந்தைய ஆண்டு சுமார் 40 விழுக்காடு இந்தியாவுடையது. இரு அரசுகளும் பேசி, ஆகஸ்டு இறுதியில் 50,000 டன் அரிசிக்குச் சிறப்பு அனுமதி பெறப்பட்டது. செய்திகளில் பெரிதாக வந்தது வெள்ளையரிசித் தடைதான். ஆனால் அதே ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு இந்தியா விதித்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரி, இட்லிக்கும் சோற்றுக்கும் புழுங்கலையே நம்பும் தமிழ்க் குடும்பங்களை இன்னும் நேரடியாகத் தொட்டது. நாட்டின் மொத்தக் கையிருப்பு பாதுகாப்பாக இருக்கும்போதே ஒரு சமூகத்தின் சமையலறை நெருக்கடிக்குள் வர முடியும். தேசியப் புள்ளிவிவரம் அதைக் காட்டாது.

2025 ஜனவரியில் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குறைந்தபட்சக் கையிருப்பு வைக்கும் கடமையை அரிசிக்கு அப்பாலும் விரிக்க வழிசெய்கிறது.

30க்கு 30

ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் உள்நாட்டிலேயே விளைவிப்பது என்ற இலக்கு 2019இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூர் உணவு அமைப்பு தொடங்கப்பட்டது. மறு ஆண்டே கொவிட் வந்து, பேரங்காடி அலமாரிகள் காலியாகிப் பலர் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு ஓடியதில், இலக்குக்கு அவசரம் கூடியது. விரைவில் விளைச்சலைக் கூட்ட 30 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியும், 2021இல் பண்ணைகளை நவீனமாக்க 60 மில்லியன் வெள்ளி நிதியும் ஒதுக்கப்பட்டன.

முயற்சிகளில் குறையில்லை. 2012இலேயே லிம் சூ காங்கில் ஸ்கை கிரீன்ஸ் பண்ணை, 9 மீட்டர் உயரக் கோபுரங்களில் தட்டுகளைச் சுழலவிட்டு, சூரிய ஒளியிலேயே கீரை வளர்த்தது. அங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மொட்டைமாடியில் 2019இல் வணிகப் பண்ணை வந்தது. அடுத்த ஆண்டு மேலும் பல மாடிகள் ஏலத்துக்கு விடப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இறைச்சியை விற்க உலகிலேயே முதன்முதலாக அனுமதித்ததும் இந்நாடுதான், 2020 டிசம்பரில்.

முட்டை மட்டும் தேறியது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய பண்ணைகள், மூடிய கொட்டகையில் இயந்திரம் தீவனமிட்டு, இயந்திரம் முட்டை சேகரிக்கும் முறை அது. குறைந்த நிலத்தில் பெரிய அளவு சாத்தியம். கீரைக்கு அந்த வாய்ப்பில்லை. விளக்கொளியில் வளரும் கீரைக்கு மின்கட்டணமே பெரும் செலவு. மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து இரவோடு இரவாக லாரியில் வரும் கீரையோடு அது விலையில் மோத வேண்டும். வாங்குபவர் உள்ளூர் முத்திரையைப் பார்த்து மெச்சுகிறார், விலையைப் பார்த்து மற்றதை எடுக்கிறார். ஜொகூர் நீரிணையின் மீன் கூண்டுகளை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பாசிப் பெருக்கம் தாக்கிப் பெரும் எண்ணிக்கையில் மீன்கள் செத்தன. பெயர்பெற்ற சில உயர்தொழில்நுட்பப் பண்ணைகள் மூடப்பட்டன.

2025 நவம்பரில் அமைச்சர் கிரேஸ் ஃபூ பழைய இலக்கைக் கைவிட்டு, 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்ற புதிய இலக்கை அறிவித்தார். முன்னதில் காய்கறி, முளைப்பயறு, காளான் அடங்கும். பின்னதில் முட்டையும் கடலுணவும். தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எதை விளைவிக்க முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பார்த்த கணக்கு என்ற வகையில் இது முந்தையதைவிட நேர்மையானது.

தொட்டியும் பாத்தியும்

2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தின்கீழ் அடுக்குமாடிகளின் கீழும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலுமாக 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. 2016 முதல் பூங்காக்களில் தனியாருக்குப் பாத்தியும் வாடகைக்குக் கிடைக்கிறது. உயர்த்திக் கட்டிய பாத்தி, நீளம் இரண்டரை மீட்டர், அகலம் ஒரு மீட்டர், குத்தகை மூன்று ஆண்டு. கட்டணம் ஆண்டுக்கு 60 வெள்ளி அளவில்தான். பாத்தி கிடைப்பதுதான் கடினம், குலுக்கலில் பெயர் விழ வேண்டும். 2020 ஜூனில், கொவிட் கட்டுப்பாட்டுக்கு நடுவே, வீடுகளுக்கு விதைப் பொட்டலம் அனுப்பும் திட்டத்தைக் கழகம் அறிவித்தபோது லட்சக்கணக்கானோர் கேட்டு வாங்கினார்கள்.

இரண்டரை சதுர மீட்டர் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. அதில் தண்டுக்கீரை விதைத்தால் 25, 30 நாளில் பறிக்கலாம்; காங்கோங் கீரை வெட்ட வெட்டத் துளிர்க்கும்; வெண்டை மழைக்கு நிற்கும், மாவுப்பூச்சிக்கு நிற்காது. இந்த அறிவுதான் விளைச்சலைவிட மதிப்புள்ளது. பஹாவுக்குப் போன எழுத்தர்களிடம் இல்லாமற்போனதும் இதுவே.

தமிழர் வீடுகளில் தோட்டம் என்பது பெரும்பாலும் தாழ்வாரத் தொட்டி. கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி, வெற்றிலை, இடமிருந்தால் ஒரு முருங்கை. தாழ்வாரத்தில் தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு. சோதனை அதிகாரி வந்தால் அபராதம். அதனால் பழகியவர்கள் தட்டே வைப்பதில்லை, அல்லது வைத்துத் தினமும் கவிழ்க்கிறார்கள். கறிவேப்பிலை மரமாகிவிட்ட வீட்டில் அந்த மாடி முழுவதற்கும் கறிவேப்பிலை கடையில் வாங்கும் வேலையில்லை. “ஆன்ட்டி, ஒரு கொத்துப் பறிச்சுக்கட்டுமா?” என்று சீன அண்டைவீட்டாரும் கேட்கும் செடி அது.

கிராஞ்சிப் பக்கம் 2000இல் ஐவி சிங்-லிம் தொடங்கிய பாலிவுட் வெஜீஸ், பண்ணையையும் உணவகத்தையும் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாவையும் ஒன்றாக்கிப் பார்த்தது. விற்பனைக்கு விளைவிப்பதைவிட, விளைவதைக் காட்டுவதே அதன் பெரிய பங்களிப்பு.

வீணாகும் உணவு

2023இல் சிங்கப்பூரில் 7,55,000 டன் உணவு கழிவானது. மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடு. இவ்வளவு பாடுபட்டுத் தருவித்த தீவில் இந்த எண் உறுத்துகிறது. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலும் தேக்கா வட்டாரக் கடைகளிலும் விற்காமல் நிற்கும் காய்கறிகளைத் தன்னார்வலர்கள் சேகரித்துத் தரம்பிரிக்கிறார்கள். அடிபட்ட தக்காளி, வளைந்த புடலங்காய், ஓரம் பழுத்த கீரைக்கட்டு என்று விலைபோகாதவையே அதிகம். அவை அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர்களுக்கு இலவசமாகப் பகிரப்படுகின்றன. ஒரு பகுதி அறநிறுவனச் சமையற்கூடங்களுக்குப் போகிறது. 2012இல் தொடங்கிய சிங்கப்பூர் உணவு வங்கி, கெடாத பொட்டல உணவைத் திரட்டி அமைப்புகளுக்கு அனுப்புகிறது. கோயில் அன்னதானமும் குருத்வாரா லங்கரும் இவற்றுக்கெல்லாம் மூத்தவை. வேலை விடுப்பு நாளில் செராங்கூன் சாலைக்கு வரும் வெளிநாட்டு ஊழியருக்கு, எந்தத் திட்டப் பட்டியலிலும் சேராத அந்தப் பந்திகளில் இடமுண்டு.