பனிக்குடம் உடைந்த பின்: காத்திருப்பை எப்படி அளப்பது?

நிறைமாதத்தில் வலி எடுக்கும் முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டால், பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாகவே வந்துவிடும். அப்படியிருக்க வலியை வரவழைக்கும் ஊசி எதற்கு என்று கேட்கிறது ஒரு தரப்பு. கிருமி மேலேறும் முன் பிரசவத்தை முடித்துவிட வேண்டும் என்கிறது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் எத்தனையாவது வாரம், காத்திருக்கும் பெண்ணை யார் எப்படிக் கவனிக்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்க்காமல் இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

நிறைமாதத்துக்கான பெரிய சான்று, 1996-இல் மேரி ஹன்னா குழுவினர் வெளியிட்ட டெர்ம்ப்ராம் ஆய்வு. ஆறு நாடுகளில் 5,041 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் அல்லது புரோஸ்டாகிளாண்டின் ஜெல் உடனே தரப்பட்டது. மற்றவர்கள் நான்கு நாள்வரை காத்திருந்தார்கள். குழந்தைகளுக்குத் தொற்று எல்லாக் குழுக்களிலும் 2 முதல் 3 சதவீதம்தான். சிசேரியனும் 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது. காத்திருந்தால் குழந்தைக்கு ஆபத்து, மருந்து கொடுத்தால் கத்திதான் என்ற இரு அச்சங்களும் ஒரே ஆய்வில் ஆட்டம் கண்டன.

வித்தியாசம் தாயிடம் தெரிந்தது. பனிக்குடத் தொற்று உடனடி ஆக்ஸிடோசின் குழுவில் 4 சதவீதம். அதற்கு இணையான காத்திருப்புக் குழுவில் 8.6 சதவீதம்.

இதே தரவை 1997-இல் மீண்டும் அலசியபோது, இந்தத் தொற்றோடு மிக வலுவாகச் சேர்ந்து வந்தது விரல்விட்டுச் செய்யும் உள்பரிசோதனைகளின் எண்ணிக்கை. பிரசவம் நீண்டால் பரிசோதனைகளும் கூடும் என்பதால் கையை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட முடியாதுதான். இருந்தாலும், ‘எவ்வளவு விரிந்திருக்கிறது, பார்த்துவிடலாம்’ என்று அடிக்கடி கைவைப்பதைக் காத்திருப்பின் பகுதியாகக் கருத முடியாது. காய்ச்சல் பார்ப்பது, நாடி பிடிப்பது, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பது, பஞ்சுப் பட்டையில் நீர் தெளிவாக இருக்கிறதா, பச்சை தட்டியிருக்கிறதா, நாற்றம் அடிக்கிறதா என்று கவனிப்பது: காத்திருப்பு என்பது இந்த வேலைகள்தான்.

37 வாரத்துக்கு முன் கணக்கு புரண்டுவிடுகிறது. 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த பிப்ராம்ட் ஆய்வு, 34 வாரம் முடிந்து 37 வாரம் நிறையாத 1,839 பெண்களை 11 நாடுகளில் சேர்த்தது. குழந்தைகளின் ரத்தத் தொற்று உடனடிப் பிரசவத்தில் 2 சதவீதம், காத்திருப்பில் 3. புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மூச்சுத் திணறலோ 8-க்கு 5 என்று காத்திருப்புக்குச் சாதகம். சிசேரியன் 26-க்கு 19. பிரசவத்துக்கு முன்னும் பிரசவத்தின்போதும் ரத்தப்போக்கும் காய்ச்சலும் காத்திருந்த தாய்மார்களுக்குச் சற்றே அதிகம். தாய் சிறிய ஆபத்தை ஏற்க, குழந்தையின் நுரையீரலுக்குச் சில நாள்கள் கிடைக்கின்றன.

இந்த எண்களைக் கவனிப்பு இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு, அயர்லாந்தின் கால்வேயில் 2012 அக்டோபரில் நடந்தது கொடிய சான்று. இந்தியரான சவிதா ஹலப்பனவருக்கு 17-ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. கரு பிழைக்க வழியில்லை. ஆயினும் இதயத் துடிப்பு இருந்ததால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. அவர் ரத்தத் தொற்றால் இறந்தார். சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் பாதி உண்மை நழுவிவிடும். அனுமதித்த அன்றே வெள்ளையணு கூடியிருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவைத் தொடர்ந்து யாரும் கவனிக்கவில்லை; நோய் முற்றுவதைத் தடுத்திருக்கக்கூடிய 13 வாய்ப்புகள் தவறவிடப்பட்டதாக 2013-இல் அந்நாட்டுச் சுகாதாரத் தர ஆணையம் கண்டறிந்தது.

37 வாரத்துக்கு முன் பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வது என்பதில் வழிகாட்டிகளும் ஒரே குரலில் பேசவில்லை. வேறு சிக்கல் இல்லையென்றால் 37 வாரம்வரை காத்திருக்கலாம் என்றது 2019-இல் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி. 34 வாரத்துக்குப் பின் காத்திருப்பது, உடனே பிரசவிப்பது இரண்டுமே சரி என்றது 2020-இல் அமெரிக்கக் கல்லூரி. ஆனால் 34 வாரம் கடந்த தாய்க்கு அந்தக் கர்ப்பத்தில் எப்போதாவது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருப்பது தெரிந்திருந்தால், உடனடியாகப் பிரசவிக்கும் வழியை முன்வைக்கச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி.