தனித் தட்டு: 1956-ல் சென்னையில் நடந்த ஒரு காசநோய் ஆய்வு

எங்க அப்பாவோட பெரியப்பாவுக்கு 1960-களில் டி.பி. வந்தது. மருந்து சாப்பிட்டு நல்லாவே தேறிட்டார். ஆனால் திண்ணையில் அவருக்குன்னு ஒதுக்கின பாயும், ஒரு அலுமினியத் தட்டும் கடைசி வரைக்கும் மாறலை. இந்தக் கதையை அப்பா பலமுறை சொல்லியிருக்கார். அந்தத் தட்டுக்கு அறிவியல்பூர்வமா ஏதாவது அடிப்படை இருந்ததான்னு தேடப் போய்தான் இந்த ஆய்வு கண்ணில் பட்டது. நடந்தது வேறெங்கேயும் இல்லை, நம்ம சென்னை சேத்துப்பட்டில்!

அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கு? 1952-ல் ஐசோனியசிட் வந்தது. மலிவு, மாத்திரையாகவே விழுங்கலாம். அப்போ எழுந்த கேள்வி: மருந்து சரியா போனால் படுக்கை எதுக்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து 1956-ல் ஒரு மையத்தைத் தொடங்கின. தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சானடோரியத்துக்கு, இன்னொன்று வீட்டுக்கு. இரண்டுக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருஷம். யார் எங்கே என்பதை முடிவு செய்தது குலுக்கல் முறை. எங்க துறையில் ஏ/பி டெஸ்ட் செய்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும். டாக்டரே தேர்ந்தெடுத்திருந்தால், நோய் முற்றியவரை சானடோரியத்துக்கு அனுப்பத்தான் மனசு வரும். அப்புறம் ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

வீட்டில் மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். இத்தனைக்கும் வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைச்சல், ஓய்வு குறைச்சல், இடமும் நெருக்கடி. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தச் சின்ன இடைவெளியும் இல்லை.

என்னை உலுக்கியது அடுத்த விஷயம்தான். கூட இருந்த மனைவி, பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததால் அவங்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. ஆபத்து பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கிறதுக்கு முந்தைய காலத்தில்தான். மருந்து ஆரம்பித்த பிறகு இல்லை.

அப்போ சாப்பாடு முக்கியமில்லையா? அப்படிச் சொன்னால் தப்பு. அவர்கள் கேட்டது "நோயாளி குணமாவாரா" என்பதை. "கூட இருக்கிறவருக்கு நோய் வராமல் தடுக்க முடியுமா" என்பது வேற கேள்வி. அதை ஜார்கண்டில் கேட்டார்கள். முடிவு 2023-ல் லான்செட்டில் வந்தது. நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப்பொருள் கொடுத்தார்கள். பாதிப் பேருடைய குடும்பத்தினருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. இதிலும் சேத்துப்பட்டு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. இப்போ அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சென்னை முடிவு உலகத்தையே மாற்றியது. பல நாடுகளில் வீட்டிலிருந்தே வைத்தியம் என்பது நடைமுறையானது, சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. ஆனால் அந்த முடிவு எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரலை. பெரியப்பா தாத்தாவுக்குத் தனித் தட்டு போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அந்தப் பயத்துக்கான பதில், அவருக்கு நோய் வருவதற்கு முன்னாலேயே, நம்ம ஊரிலேயே கிடைத்திருந்தது. அதைத்தான் ஜீரணிக்க முடியலை.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு தட்டு இருந்திருந்தால் சொல்லுங்க.