நட்சத்திரத்துக்குள் ஒரு வருடம்

பழைய ஸ்பானிஷ் தங்கக் காசு ஒன்று: பத்து எஸ்கூடோ. தலைப் பக்கத்தில் இரண்டாம் இசபெல் அரசி, கீழே 1868. அந்த ஆண்டு செப்டம்பரில் புரட்சி வெடித்து அரசி பிரான்சுக்குத் தப்பினார். ஆகவே இதுதான் அவருடைய கடைசிக் காசு என்று நினைக்கத் தோன்றும். லென்ஸ் வைத்து, வருடத்தின் இருபுறமும் உள்ள குட்டி நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும். சிலவற்றில் ஒரு நட்சத்திரத்துக்குள் 18, மற்றதற்குள் 73. குடியரசு பிறந்த வருடம் அது! விரட்டிய அரசியின் முகத்தோடே குடியரசு தங்கம் அடித்திருக்கிறது.

ஆரம்பத்தில் அந்த நட்சத்திரம் காசு அடித்த ஊரை மட்டும் சொன்னது. ஆறு முனை என்றால் மாட்ரிட், ஏழு என்றால் செவில், எட்டு என்றால் பார்சலோனா. உள்ளே வருடம் புகுந்தது பிற்பாடு.

பெயர்களும் நிலையாக நிற்கவில்லை. இசபெல் காலத்து 100 ரியால், 1864 சட்டத்தில் 10 எஸ்கூடோ ஆனது. 1868 அக்டோபர் 19 அன்று நிதியமைச்சர் லாரேயானோ ஃபிகுவேரோலா பெசெட்டாவைக் கொண்டுவந்த பிறகு அதே மதிப்பு 25 பெசெட்டா. ஒரே மதிப்புக்கு மூன்று பெயர்; சேகரிப்பவருக்கோ மூன்று வேட்டை.

முடியாட்சி திரும்பிய பிறகு, இந்த 25 பெசெட்டாவை அரசர் பன்னிரண்டாம் அல்போன்சோவின் தலையோடு 1876 முதல் அடித்தார்கள். எடை 8.06 கிராம், நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்று மேல். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தங்கம். 1876 என்று போட்ட காசு பளபளவென்று கைக்கு வந்தால் உடனே மயங்கிவிடக் கூடாது. 1961, 1962இல் மாட்ரிட் நாணயச்சாலையே அதை மறுபடி அடித்தது. 1897ஆம் ஆண்டின் 100 பெசெட்டாவையும் விடவில்லை. தங்கம் அசல், அச்சிட்டதும் அரசாங்கம். அதைப் போலி என்று எப்படிச் சொல்வது? ஆனால் நட்சத்திரங்களுக்குள் 19, 61 என்றோ 19, 62 என்றோ இருக்கும். பார்க்காமல் வாங்கினால் பழமைக்கு என்று கொடுத்த காசு தண்டம்.

நிஜப் போலிகளின் கதை இதைவிட ருசியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவு. தங்கத்தைப் போலவே கனமும் உண்டு. பித்தளையில் அடித்த காசைக் கையில் ஏந்தினாலே லேசு தெரிந்துவிடும். பிளாட்டினத்தில் அடித்து முலாம் பூசினால் தராசும் ஏமாந்துபோகும். ரியால், எஸ்கூடோ, 25 பெசெட்டா எல்லாமே இப்படி வந்தன. நாள்பட்ட புழக்கத்தில் விளிம்பில் முலாம் தேய்ந்து வெள்ளை எட்டிப் பார்க்கும்போதுதான் குட்டு உடையும்.

பிற்காலத்தில் பிளாட்டினத்தின் விலை ஏறியது. இன்றைய ஏலப் பட்டியல்களில் இந்தக் கள்ளக் காசுகளுக்கும் தனி வரி உண்டு: ‘அக்காலப் போலி, பிளாட்டினம்’. தெரிந்தே கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த வெள்ளையைத்தான் தேடுகிறார்கள்.